விறகுக் கணப்படுப்பும் துணைக்கருவிகளும்: எது எரிதலைத் திருத்துகிறது, எது காற்றை மட்டும் நகர்த்துகிறது?

அறையைச் சூடாக்கும் விறகுக் கணப்படுப்பின் திறனை இரண்டு கேள்விகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விறகிலுள்ள ஆற்றலில் எவ்வளவு வெப்பமாக மாறுகிறது என்பது முதல் கேள்வி. அந்த வெப்பத்தில் எவ்வளவு புகைபோக்கி வழியே வெளியேறாமல் அறையில் தங்குகிறது என்பது இரண்டாவது. சந்தையில் விற்கும் துணைக்கருவிகளில் பல இரண்டாவதை மட்டுமே தொடுகின்றன, ஆனால் விளம்பரமோ இரண்டையும் சேர்த்தே பேசுகிறது.

அடுப்பின் மேல் வைக்கும் வெப்ப விசிறிக்கு மின்இணைப்பு தேவையில்லை. சூடான அடித்தளத்துக்கும் குளிர்ந்த மேல் துடுப்புகளுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டிலிருந்தே, 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்டறிந்த விளைவின்படி, அது தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. கூரையை நோக்கி ஏறும் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுவதால் தொலைவில் அமர்ந்திருப்பவருக்குக் கதகதப்பு சற்று விரைவில் கிடைக்கும். எரிதலில் எந்த மாற்றமும் இராது. அடுப்பின் இரட்டைச் சுவருக்குள் காற்றைச் செலுத்தும் மின் ஊதுவிசிறி, சூடேறிய இரும்பிலிருந்து வெப்பத்தை நேரடியாக வாரி எடுப்பதால், இதைவிட ஒரு படி மேலானது.

புகைக்குழாயில் பொருத்தும் வெப்ப மீட்புப் பெட்டியின் கதை வேறு. வீணாகப் போகும் வெப்பத்தைப் பிடித்து அறைக்குத் திருப்பும் இந்த ஏற்பாடு கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. காற்றைக் கட்டுப்படுத்த வழியில்லாத, புகையை மிகுந்த சூட்டுடன் வெளியேற்றும் பழைய அடுப்பில் அது ஓரளவு பலனும் தரும். ஆனால் புகைபோக்கியின் இழுவிசையே உள்ளிருக்கும் வாயுவின் சூட்டை நம்பித்தான் இருக்கிறது. புகை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால், அதிலுள்ள நீராவியும் எரியாத தார்ப்பொருள்களும் குழாயின் உட்சுவரில் கிரியோசோட்டாகப் படியத் தொடங்கும். புகைபோக்கித் தீவிபத்துகளுக்கு அந்தப் படிவே எரிபொருள். இன்றைய அடுப்புகள் தேவையான வெப்பத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் புகையை வெளியே விடுகின்றன என்பதால், அவற்றில் இந்தப் பெட்டியைப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழாய்க்குள் திருப்பிப் புகைவழியைக் குறுக்கும் தடுப்புத் தகடும் ஏறக்குறைய இதே வகைதான். உயரமான புகைபோக்கி அளவுக்கு மீறி இழுக்கும் இடத்தில் அது உதவும். மற்ற இடங்களில் தேவைக்கு மேல் மூடினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பக்கூடும்.

புகை செல்லும் வழியில் வைக்கும் வினையூக்கி மட்டுமே முதல் கேள்வியை நேரடியாகத் தொடுகிறது. ஏறத்தாழ 600 பாகையில் எரிய வேண்டிய புகையை அது 260 பாகை அளவிலேயே எரித்துவிடுகிறது. இருந்தாலும், அதற்கென வடிவமைக்கப்படாத அடுப்பில் ஒட்டுவேலையாகப் பொருத்தினால் புகைவழி அடைபடும் வாய்ப்பு அதிகம்.

இவை அனைத்தையும்விட நான் முன்னே வைப்பது அடுப்பில் எதையும் மாற்றாத, ஊசிகளைக் குத்தி விறகின் ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானியை. பத்து கிலோ விறகில் 20 விழுக்காடு நீர் என்றால் எரிவதற்கு எட்டு கிலோ மரம் இருக்கிறது. 40 விழுக்காடு என்றால் ஆறு கிலோதான். அத்துடன், ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க மட்டும் 2.26 மெகாஜூல் செலவாகிறது. இந்த இழப்பைவிடப் பெரியது, அடுப்பின் எரியறையில் சூடு குறைந்து புகை எரியாமலேயே வெளியேறுவது. கட்டையின் வெளிப்புறத்தில் அளந்தால் பொய்யான எண்தான் கிடைக்கும். அதை அப்போதே பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பரப்பின் நடுவில் ஊசிகளை அழுத்திப் பார்க்க வேண்டும். குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானியையும் இதனுடன் வாங்கலாம். காற்றை எப்போது குறைப்பது என்பதை அதன் முள் பார்த்து முடிவு செய்யலாம்.

இவற்றில் எதையும் வாங்குவதற்கு முன் அடுப்பின் கதவையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் ஓரத்திலுள்ள கயிற்று அடைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றாதவரை காற்றுத் திறப்பை எவ்வளவு குறைத்தாலும் காற்று உள்ளே புகுந்துகொண்டேதான் இருக்கும்.