களிமண் மனைக்கு வடிகால்: பள்ளிக்கரணையில் செய்த வேலை எப்படி இருக்கிறது?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு, வடகிழக்குப் பருவமழையில் வந்து போகும் வெள்ளத்தைவிட, தெரு வடிந்த பின்னும் மனைக்குள் நாள்கணக்கில் நிற்கும் நீரே பெருந்தொல்லை. மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய களிமண் இருப்பதால் நீர் உள்ளே இறங்காமல் அஸ்திவாரத்தை ஒட்டித் தேங்கி, சுவரில் ஓதமாக ஏறுகிறது. இதைச் சரிசெய்ய இப்பகுதியில் வடிகால் வேலை செய்யும் சிறு ஒப்பந்ததாரர் ஒருவரை அமர்த்தினோம்.

விலை பேசுமுன் அவர் டியூப் மட்டம் (நீர் நிரப்பிய குழாயால் உயரம் ஒப்பிடும் முறை) பிடித்து, தெருவின் மழைநீர் வடிகால் எங்கள் மனையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தார். மற்றவர்கள் மண்ணடித்து மனையை உயர்த்தச் சொன்னார்கள், அல்லது உறிஞ்சு குழி தோண்டச் சொன்னார்கள். மண்ணடித்தால் நம் வீட்டு நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும்; நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் மாதங்களில் களிமண்ணில் தோண்டிய குழி, நிரம்பிய தொட்டியாகவே கிடக்கும். நீர் போய்ச்சேரும் இடத்தை முதலில் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அஸ்திவாரத்திலிருந்து தள்ளி, சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, கழுவிய 20 மி.மீ. ஜல்லியின் நடுவே துளையிட்ட நான்கு அங்குல பி.வி.சி. குழாயைப் பதித்தார்கள். துளைகள் கீழ்நோக்கி இருப்பது பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கிறது. நீர் கீழிருந்து நிரம்பி ஏறுவதால் அதுவே சரி. மீட்டருக்கு ஒரு செ.மீ. வாட்டம் (சரிவு) கொடுத்து, கடைசியில் சிறு சம்ப் கட்டி, நீர் ஏறியதும் தானே இயக்கும் மிதவை சுவிட்சுடன், நீரைத் தெரு வடிகாலுக்குத் தள்ளும் மோட்டார் வைத்து, தெரு வடிகால் நிரம்பினால் நீர் திரும்பி வராதபடி ஒருவழி வால்வும் பொருத்தினார்கள்.

குறைகளும் உண்டு. குழாய் திரும்பும் மூலைகளில் வண்டலை அள்ளுவதற்கான சேம்பர்கள் மதிப்பீட்டில் இல்லை; கேட்டபின் தனிக் கட்டணத்தில் கட்டினார்கள். பின்பக்கத்தில் தரை சுவரை நோக்கியே சாய்ந்திருந்ததால், மீண்டும் அழைத்து வாட்டம் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பாதாளச் சாக்கடையிலேயே இணைத்துவிடலாம் என்று வேலையாள் ஒருவர் சொன்ன யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. கனமழையில் அது நிரம்பினால் கழிவுநீர் குளியலறை வழியாகத்தான் திரும்பும்.

கடந்த பருவமழையில், சாதாரண கனமழை பெய்த நாள்களில், மழை விட்ட மறுநாளே முற்றத்தில் கால் வைக்க முடிந்தது. பழைய ஓதம் மெதுவாகத்தான் காய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்ததுபோலத் தெருவே மூழ்கினால் இந்த அமைப்பு உதவாது என்பதை ஒப்பந்ததாரரே முன்கூட்டிச் சொன்னது நேர்மையாகப் பட்டது. தெரு வடிகால் உங்கள் மனையைவிடத் தாழ்ந்திருந்தால் இத்தகைய வேலைக்குத் தாராளமாகச் செலவிடலாம். வெள்ள நேரத்தில் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால், மோட்டாரின் திறனுக்கேற்ற இன்வெர்ட்டரையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.