நெஞ்சுப் பட்டைக்கு எந்த ஆன்டெனா: மோனோபோலா, பேட்சா, பிஃபாவா?

இதயத்துடிப்பை அளந்து புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும் நெஞ்சுப் பட்டையை எடுத்துக்கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 செ.மீ.

மோனோபோல் என்பது ஒற்றைக் கம்பி ஆன்டெனா. அதற்குக் கால் அலைநீளம் போதும், ஏறக்குறைய 3 செ.மீ. செலவும் குறைவு. மேசையில் வைத்து நெட்வொர்க் அனலைசரில் (ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறனைத் திருப்பியனுப்புகிறது என்று காட்டும் கருவி) பார்த்தால் வளைகோடு 2.45 கிகாஹெர்ட்ஸில் அழகாகக் குழிந்து நிற்கும். அப்புறம் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: குழி இடப்பக்கம், அதாவது குறைந்த அதிர்வெண்ணுக்கு, நழுவிவிடும். காரணம், தசையின் மின்காப்பு மாறிலி (ஒரு பொருள் தன்னுள் அலையை எவ்வளவு சுருக்கும் என்பதைக் காட்டும் எண்) இந்த அதிர்வெண்ணில் 50-க்கும் மேல், காற்றுக்கு 1. போதாததற்கு, அனுப்பும் திறனில் பெரும்பங்கைச் சதையே குடித்துவிடும். உடலுக்கு ஆபத்தா என்றால், அனுப்பும் திறன் 1 மில்லிவாட் என்றால், அது முழுவதும் 1 கிராம் சதைக்குள் போனாலும் கிலோவுக்கு 1 வாட்தான். இந்தியாவில் வரம்பு 1.6. வீணாவது பேட்டரிதான். ஆனால் நோயாளிக்கு அதுவும் சின்ன விஷயமில்லை.

பேட்ச் என்பது தட்டையான உலோகத் துண்டு. அதன் முதுகுப்புறம் முழுக்க கிரவுண்ட் எனும் இன்னொரு உலோகத் தகடு இருப்பதால் உடலின் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. அதற்கு விலை, இடம். அரை அலைநீளம் வேண்டும். இடையிலுள்ள பொருளுக்குள் அலை சுருங்குவதால் அது எஃப்ஆர்4 எனும் கண்ணாடியிழைச் சர்க்யூட் பலகையில் சுமார் 29 மி.மீ., ஃபெல்ட் துணியில் 5 செ.மீ.க்கு மேல். மெத்தென்று இருப்பதுதான் பெரிதாகவும் இருக்கிறது. பேட்ச் வேலைசெய்யும் அதிர்வெண் வீச்சும் குறுகல்; புளூடூத்தின் 83.5 மெகாஹெர்ட்ஸை முழுசாகப் பிடிக்க 1.6 மி.மீ. எஃப்ஆர்4 திணறும். தடித்த ஃபெல்ட் கைகொடுக்கும்.

துணி என்றதும் பலரும் டெனிமைத் தேடுகிறார்கள். டெனிம் பருத்தி, வியர்வையை உறிஞ்சும். தண்ணீரின் மாறிலி 80-ஐ ஒட்டியது, ஆகவே நனைந்ததும் அதிர்வெண் இறங்கிவிடும். நம் வெயிலுக்கு பாலியஸ்டர் ஃபெல்ட்தான் சரி.

பிஃபா (PIFA) பேட்சின் உறவுதான்; ஒரு முனையைக் கிரவுண்டோடு இணைத்து, பேட்சின் நீளத்தைப் பாதியாக்குகிறது. பலகையில் இது அருமை. துணியில் அந்த இணைப்பைக் கடத்தும் நூலால் தைக்க வேண்டும். நாலு தரம் துவைத்தால் தளரலாம். கிரவுண்டை ரொம்பச் சிறிதாக்கினாலோ, உடலின் தொல்லை திரும்ப வந்துவிடும்.

என் தேர்வு: மணிக்கட்டில் கட்டும் கருவி என்றால் பலகையில் பிஃபா, நெஞ்சுக்கு பாலியஸ்டர் ஃபெல்ட்டில் பேட்ச். பேட்சைத் தைக்கும்போது, ஒத்ததிரும் நீளம் (அந்த அரை அலைநீளப் பக்கம்) நெஞ்செலும்பின் போக்கிலேயே மேலும் கீழுமாக ஓடட்டும். பட்டை வளைவது குறுக்காகத்தான். நீளம் வளையாதவரை அதிர்வெண் அவ்வளவாக நகராது.