வாடிக்கையாளர் கையில் இருக்கும் கோப்புக்கு எஸ்கியூலைட் எப்படி?

நான் எழுதும் சரக்கு இருப்பு மென்பொருளின் டேட்டாபேஸ், ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணினியிலும் ஒரே ஒரு எஸ்கியூலைட் கோப்பாக இருக்கிறது. எஸ்கியூலைட் (SQLite) என்பது தனி சர்வர் இல்லாமல், ஒவ்வொரு நிரலுக்குள்ளும் சேர்ந்தே ஓடும் டேட்டாபேஸ் நூலகம் (லைப்ரரி). அந்தக் கோப்பை என் நிரல் மட்டும் படிப்பதில்லை. அவர்களே ஆள் வைத்து எழுதிக்கொண்ட ரிப்போர்ட் நிரல்களும் படிக்கின்றன, சில எழுதவும் செய்கின்றன. அவற்றை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: டேபிளின் அமைப்பை மாற்றினால் அடுத்தவர் நிரல் உடையாமல் ஓடுமா?

புதிய ஃபீல்டு சேர்ப்பதில் எஸ்கியூலைட்டுக்கு முழு மதிப்பெண். பழைய ரெக்கார்டுகளை அது திருத்தி எழுதுவதில்லை. படிக்கும்போது அங்கே இல்லாத மதிப்புக்கு டீஃபால்ட்டை (முன்பே குறித்து வைத்த மதிப்பை) எடுத்துக் கொடுக்கிறது. லட்சக்கணக்கான ரெக்கார்டு இருந்தாலும் நொடியில் முடிந்துவிடும். ஃபீல்டு பெயர்களைச் சொல்லி இன்சர்ட் செய்யும் (புது ரெக்கார்டு சேர்க்கும்) நிரலுக்கு இந்த மாற்றமே தெரியாது. பெயர் சொல்லாமல் வரிசையாகத் திணிக்கும் நிரல் மட்டும் எண்ணிக்கை ஒத்துவராமல் நின்றுவிடும்.

டேபிளையே பிரிக்க வேண்டி வந்தால்? ஒரே வாடிக்கையாளருக்குப் பல முகவரி வேண்டும் என்றதும் முகவரியைத் தனி டேபிளாக்கி, பழைய டேபிளின் பெயரில் ஒரு வியூ வைத்தேன்; வெளியிலிருந்து டேபிள் போலவே தெரியும், டேட்டா வேறு டேபிள்களிலிருந்து வரும். எழுத வரும் கட்டளைக்குப் பதிலாக நாம் சொன்னதை ஓட்டும் 'இன்ஸ்டெட் ஆஃப்' ட்ரிகர் போட்டால் பழைய நிரல்கள் அந்த வியூவில் எழுதவும் முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. ஆனால் ஒரு கண்ணி உண்டு. ட்ரிகர் முடிந்ததும் 'கடைசியாகச் சேர்த்த ரோஐடி' (ரெக்கார்டின் அடையாள எண்) அதற்கு முன்பிருந்த மதிப்புக்கே திரும்பிவிடும். இன்சர்ட் செய்த கையோடு அந்த எண்ணைக் கேட்கும் நிரல் வேறொருவரின் கணக்கில் பில்லை ஏற்றிவிடக்கூடும். வியூ வைக்கும் முன் இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

அமைப்பு மாற்றம் முழுவதையும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் வைக்கலாம். ஒன்று முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது; நடுவில் மின்சாரம் போனாலும் கோப்பு பழையபடியே இருக்கும். கோப்பின் தலைப்பில் நமக்கென்றே ஒதுக்கிய 4 பைட் 'யூசர் வெர்ஷன்' எண்ணும் அதோடு சேர்ந்தே பின்வாங்கும். அப்புறம், ஃபீல்டு பெயரை மாற்றும் வசதி 2018-இல்தான் வந்தது, நீக்கும் வசதி 2021-இல். ஃபீல்டின் வகையை (எண்ணா, எழுத்தா என்பதை) மாற்ற இன்றும் புது டேபிள் போட்டு நகலெடுக்க வேண்டியதுதான்.

2004-இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்புகளை இன்றைய எஸ்கியூலைட் நூலகமும் திறக்கிறது; 2050 வரை ஆதரவு தருவதே நோக்கம் என்கிறார்கள் அதை உருவாக்குபவர்கள். ஆனால் இந்த உறுதி ஒருவழிதான். 3.37 பதிப்பில் வந்த 'ஸ்ட்ரிக்ட்' டேபிள் ஒன்று உள்ளே இருந்தாலே, அதற்கு முந்தைய நூலகம் ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு விவரம்) கெட்டுவிட்டது என்று சொல்லிக் கோப்பை மறுத்துவிடும். டேட்டா முழுக்க நன்றாக இருக்க, வாடிக்கையாளர் எல்லாம் போய்விட்டது என்று பதறுவார். வகைகளைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் அருமையான வசதி அது, எனக்கும் வேண்டும். ஆனாலும் வாடிக்கையாளர்களின் நிரல்களில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அதைத் தொடுவதாக இல்லை.