கரண்ட் வந்ததும் எது தானாக எழும்? விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் ஒப்பீடு

மதுரையில் பராமரிப்பு மின்தடை என்றால் காலை ஒன்பது, பத்து மணிக்குப் போகிற கரண்ட் மாலை நான்கு, ஐந்துக்குத்தான் வரும். கப்பலூர் தொழிற்பேட்டையின் சிறு ஆலையோ, கீழமாசி வீதி மொத்தக் கடையோ, பல இடங்களில் அமைப்பு ஒன்றுதான்: இரண்டு ஹோஸ்ட் (நிஜ சர்வர்), அவற்றுக்குள் மென்பொருளாக ஓடும் பத்துப் பன்னிரண்டு விஎம் (மெய்நிகர் கணினி), எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு, விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரின் வசதிப் பட்டியலைவிட ஒரு கேள்விதான் முக்கியம். கரண்ட் போய் வந்தபின் யார் கையும் படாமல் பில்லிங் ஓடுமா, ஓடாதா? விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் என்கிற மூன்று ஹைப்பர்வைசர்களின் இந்த ஒப்பீடு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது.

இப்போது ஒப்பிடவேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று, சந்தா மட்டும் என்றானது. விஎம்வேரின் ஹைப்பர்வைசர் தொகுப்பான விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ல் முடிந்துவிட்டது. 8-க்கு 2027 அக்டோபர் வரை இருக்கிறது. 7-ல் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். விஎம்முக்குள் நிர்வாக உரிமை பிடித்தவன் ஹோஸ்டுக்குள்ளேயே நுழைய வழிசெய்யும் ஓட்டைகள் 2025 மார்ச்சில் வெளியாயின. அவற்றை ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்து அப்படி ஒன்று வந்தால் 7-க்கு பேட்ச் வரும் என்று நம்பி இருக்க முடியாது.

லைசென்ஸ் கணக்கு

ஹோஸ்டுக்கு 2 சிபியு, சிபியுவுக்கு 16 கோர், மொத்தம் 2 ஹோஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். விஎம்வேருக்கு 64 கோர் சந்தா வேண்டும். 8 கோர் சிபியுவாக இருந்தாலும் 16 என்றுதான் எண்ணுவார்கள், ஆகவே சின்ன சிபியுவால் பணம் மிச்சமாகாது. விஸ்பியரில் ஹோஸ்டில் நிறுவும் பகுதியான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு 2024 பிப்ரவரியில் போய், 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3இ-யோடு திரும்பி வந்தது. ஆனால் அதில் விசென்டரோடு (எல்லா ஹோஸ்டையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருள்) சேர முடியாது, பேக்கப் மென்பொருள் நுழையும் வாசலும் அடைத்திருக்கும். சோதனை மேசைக்குச் சரி, கணக்கு ஓடும் இடத்துக்குச் சரிப்படாது.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது டெபியன் லினக்ஸின் மேல், லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம். மென்பொருளுக்குக் காசு இல்லை. சோதித்து முடித்த அப்டேட் வழியும் உதவியும் வேண்டுமென்றால் சாக்கெட் (சிபியு மாட்டும் இடம்) கணக்கில் ஆண்டுச் சந்தா, நம் கணக்கில் 4 சாக்கெட். உற்பத்தியில் ஓட்டும்போது குறைந்த படியையாவது வாங்கிவிடுங்கள். இலவச ரெபாசிட்டரியில் (அப்டேட் இறங்கும் இடம்) கெர்னல் அப்டேட் சீக்கிரமே வந்துவிடும், அதன் முதல் சோதனை உங்கள் சர்வரில் நடக்கக்கூடாது.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ‘விண்டோஸோடு இலவசம்’ என்பது பாதி உண்மை. ஹோஸ்டின் 32 கோருக்கும் விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் போட்டால் 2 விண்டோஸ் விஎம் ஓட்டலாம். 4 வேண்டுமென்றால் அதே 32 கோருக்கு மறுபடி ஒருமுறை போடவேண்டும். ஹோஸ்டில் ஹைப்பர்-வி தவிர ஃபைல் ஷேர் மாதிரி வேறு வேலை ஏதாவது வைத்தால் அந்த இரண்டில் ஒன்று கழிந்துவிடும். பலர் மறப்பது இதுதான்: ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறினாலும் விண்டோஸ் விஎம்களுக்கான இந்தக் கோர் கணக்கு அப்படியே கூட வரும். விஎம்கள் இரண்டு ஹோஸ்டிலும் மாறி மாறி ஓடும் என்றால் இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டும். மாறினால் மிச்சமாவது ஹைப்பர்வைசர் செலவு மட்டுமே.

மின்தடை நாள்

முதல் கண்ணி எந்த ஹைப்பர்வைசரிலும் இல்லை, யுபிஎஸ்ஸில் இருக்கிறது. பேட்டரி தீர்வதற்குள் எல்லா விஎம்மும் அணைந்து, ஹோஸ்டும் அணைந்துவிட்டது. அடுத்த இரண்டு நிமிடத்தில் ஜெனரேட்டரோ கரண்டோ வந்துவிடுகிறது. யுபிஎஸ் ஒரு நொடிகூட வெளியீட்டை நிறுத்தவில்லை. சர்வருக்குத் தன் பிளக்கில் கரண்ட் போய் வந்ததே தெரியாது, ஆகவே தானாக எழாது. மாலை வரை செத்த மாதிரி கிடக்கும். இதற்கு மருந்து இரண்டு. பயாஸில் (சர்வர் எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) கரண்ட் வந்ததும் எழு என்பதை ‘கடைசி நிலை’ என்று விடாமல் ‘எப்போதும் ஆன்’ என்று வைக்கவேண்டும். ஹோஸ்ட் அணைந்தபின் யுபிஎஸ் தன் வெளியீட்டை வெட்டி, கரண்ட் வந்ததும் மறுபடி கொடுக்கும்படியும் அமைக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் மூன்றும் பிரிகின்றன. ப்ராக்ஸ்மாக்ஸ் முழு லினக்ஸ் என்பதால் நட் என்கிற யுபிஎஸ் மென்பொருளை ஹோஸ்டிலேயே நிறுவி, ஒரு யுஎஸ்பி கேபிளில் வேலையை முடிக்கலாம்; வெளியீட்டை வெட்டும் கட்டளையும் அதிலேயே உண்டு. ஒரு யுபிஎஸ், இரண்டு ஹோஸ்ட் என்றால் கேபிள் மாட்டிய ஹோஸ்ட் மற்றதற்கு நெட்வொர்க்கில் செய்தி சொல்லும். அதற்காக நெட்வொர்க் சுவிட்சும் அதே யுபிஎஸ்ஸில் இருக்கவேண்டும். ஹைப்பர்-வியில் யுபிஎஸ் கம்பெனியின் விண்டோஸ் மென்பொருள் போதும். இஎஸ்எக்ஸ்ஐ யுஎஸ்பி யுபிஎஸ்ஸோடு நேரடியாகப் பேசாது. யுபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டும் அதோடு பேசும் தனி மென்பொருளும் வேண்டும். சின்ன அலுவலகத்துக்கு அது கூடுதல் செலவு.

அடுத்தது அணையும் வேகம். ப்ராக்ஸ்மாக்ஸ் ஒரு விஎம்மை அணையச் சொல்லி 180 நொடி காத்திருக்கும், அதற்குப் பின் பிடுங்கிவிடும். அப்டேட் பாதியில் நிற்கும் விண்டோஸுக்கு மூன்று நிமிடம் பத்தாது. டேட்டாபேஸ் விஎம்முக்கு 600 நொடி வையுங்கள், அதைத் தாங்கும் பேட்டரியும் வையுங்கள். கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள் இருந்து ஹோஸ்டோடு பேசும் சிறு மென்பொருள்) போடாத விண்டோஸ், பூட்டிய திரையில் அணையும் கட்டளையைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் உண்டு. ஹைப்பர்-வி தன் இயல்பில் விஎம்மை அணைக்காமல், ரேம் முழுவதையும் வட்டில் எழுதி உறங்க வைக்கும். அதற்காக ரேம் அளவுக்கு வட்டில் இடத்தையும் பிடித்து வைத்திருக்கும். பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலருக்கு அது ஆகாது, ‘ஷட் டவுன்’ என்று மாற்றிவிடுங்கள்.

எழும் வரிசை: முதலில் டொமைனும் பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸும், 120 நொடி கழித்து டேட்டாபேஸ், அதன்பின் அப்ளிகேஷன். ப்ராக்ஸ்மாக்ஸில் வரிசை எண்ணும் தாமதமும் ஒவ்வொரு விஎம்மின் ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே கொடுக்கலாம். ஹைப்பர்-வியில் தாமத நொடிகள் மட்டும் உண்டு, அதை வைத்தே வரிசையை உண்டாக்கவேண்டும். விஎம்வேரில் ஆட்டோஸ்டார்ட் ஒவ்வொரு ஹோஸ்டிலும் தனித்தனியாக இருக்கிறது, ஆனால் எச்ஏ (ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்களை மற்றதில் எழுப்பும் வசதி) போட்ட கிளஸ்டரில் (ஒன்றாகச் சேர்த்த ஹோஸ்டுகள்) அது இயங்காது. முறையாக அணைத்த விஎம்களை எச்ஏயும் தானாகத் தூக்காது, ஆள்தான் தூக்கவேண்டும். விசென்டரே ஒரு விஎம் என்பதால் அது எழும்வரை ஒவ்வொரு ஹோஸ்டிலும் தனித்தனியாக ரூட் பெயரில் நுழைந்து வேலை பார்க்கவேண்டியிருக்கும். ஹோஸ்டுகளின் ஐபி முகவரியைத் தாளில் எழுதி வையுங்கள், டிஎன்எஸ்ஸும் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

ப்ராக்ஸ்மாக்ஸின் பலவீனம் வேறிடத்தில். கிளஸ்டரில் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் ஒரு ஓட்டு. இரண்டு ஹோஸ்ட் கிளஸ்டரில் ஒன்று மட்டும் எழுந்தால் ஓட்டெண்ணிக்கை பாதிதான், பெரும்பான்மை இல்லை. பெரும்பான்மை இல்லாமல் ஒரு விஎம்கூட எழாது, அமைப்புக் கோப்புகளையும் மாற்ற முடியாது. அவசரத்துக்கு எதிர்பார்க்கும் ஓட்டு எண்ணிக்கையை 1 என்று கட்டளை கொடுத்து எழுப்பலாம். நிரந்தரத் தீர்வு மூன்றாவது ஓட்டு. ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினியோ பேக்கப் சர்வரோ க்யூடிவைஸாக (ஓட்டுப் போட மட்டும் இருக்கும் சாதனம்) இருந்தால் போதும். இன்னொன்று: எச்ஏவில் சேர்த்த விஎம் இருக்கும் ஹோஸ்ட், கிளஸ்டர் தொடர்பு சுமார் ஒரு நிமிடம் அறுந்தால் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். ஒரே சுவிட்சை நம்பி இருந்து அந்த சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆனால் இரண்டு ஹோஸ்டும் சேர்ந்தே விழும். இரண்டு ஹோஸ்டுக்கும் நடுவே கிளஸ்டருக்கென்று தனியாக ஒரு நேரடிக் கேபிள் போடுங்கள். இருக்கிற நெட்வொர்க் போர்ட் ஒன்று போதும்.

இரண்டு ஹோஸ்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜ் இல்லாவிட்டால், ப்ராக்ஸ்மாக்ஸ் இசட்எஃப்எஸ் என்கிற கோப்பு அமைப்பின் வழியாக, தன் இயல்பில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மற்ற ஹோஸ்டுக்கு நகலெடுக்கும். ஹோஸ்ட் போனால் கடைசி நகலுக்குப் பிறகான வேலை போகும். இசட்எஃப்எஸ்ஸுக்கு ரெய்டு கார்டு (பல வட்டுகளை ஒன்றாகக் காட்டும் அட்டை) வட்டுகளை மறைக்காமல் நேராகக் காட்டவேண்டும், மின் இழப்பைத் தாங்கும் எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டியும் வேண்டும். டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டி அதில் வேகமாகத் தேயும், மெதுவாகவும் எழுதும். ஹைப்பர்-வியின் நகலெடுக்கும் வசதியான ரெப்ளிக்கா 30 நொடி இடைவெளி வரை இறங்கும், ஸ்டாண்டர்டு பதிப்பிலேயே கிடைக்கும், ரெய்டு கார்டைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் ஹோஸ்ட் விழுந்தால் மற்றதில் நீங்கள்தான் எழுப்பவேண்டும். இந்த ஒரு இடத்தில் ஹைப்பர்-விக்குத்தான் எங்கள் ஓட்டு.

டோக்கன், டாலி

ஜிஎஸ்டிக்கும் டெண்டருக்கும் டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் மாட்டாத அலுவலகம் அரிது. விஎம்வேரும் ப்ராக்ஸ்மாக்ஸும் ஹோஸ்டில் செருகிய யுஎஸ்பியை விஎம்முக்குள் கொடுத்துவிடும். அந்த விஎம்மை ப்ராக்ஸ்மாக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஹைப்பர்-வியில் இந்த வசதியே கிடையாது. யுஎஸ்பியை நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டி ஒன்று தனியாக வாங்கவேண்டும். டோக்கன் ஓடும் விஎம் இருந்தால், ஹைப்பர்-வியைத் தேர்வதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

எந்தப் பக்கம் மாறினாலும், கணக்கு மென்பொருளான டாலியின் லைசென்ஸை முதல் நாளே சரண்டர் செய்துவிட்டு, புது விஎம்மில் மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள். வன்பொருள் மாறியதாக அது உணர்ந்துகொள்ளும், மாதக் கடைசியில் மாட்டிக்கொண்டால் சிரமம்.

மாற்றும் வேலை

ஹைப்பர்-விக்கு மாறுவது விண்டோஸ் விஎம்களுக்கு எளிது, டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்விண்டின் இலவச மாற்றி போதும். பழைய விஎம் பயாஸில் பூட் ஆனதா, அதன் புதிய வடிவமான யுஇஎஃப்ஐயிலா என்று முன்பே பாருங்கள். பயாஸ் என்றால் ஜெனரேஷன் 1, யுஇஎஃப்ஐ என்றால் 2. உருவாக்கியபின் மாற்ற முடியாது.

ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-லிருந்து இஎஸ்எக்ஸ்ஐயை ஒரு ஸ்டோரேஜாகச் சேர்த்து விஎம்களை நேரடியாக இழுக்கலாம். விசென்டர் வழியாகப் போகாமல் ஹோஸ்டோடு நேரடியாக இணையுங்கள், அதுதான் வேகம். முன்னதாக ஸ்னாப்ஷாட்டுகளை (விஎம்மின் பழைய நிலைப் பதிவுகள்) அழித்து, விஎம்முக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸை நீக்கி, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரை அணைத்துவிடவேண்டும். டூல்ஸை மாறியபின் நீக்கப் போனால் அடம்பிடிக்கும். 500 ஜிபி வட்டு 1 ஜிபிட் வயரில் குறைந்தது 1 மணி 15 நிமிடம். விஎம்மைப் புது இடத்தில் ஓட்டிக்கொண்டே இழுக்கும் வசதியை டேட்டாபேஸுக்குத் தொடாதீர்கள். நடுவில் அறுந்தால், எழுந்தபின் எழுதியதெல்லாம் போய்விடும்.

மாறியபின் விண்டோஸ் நீலத் திரையில் நிற்பதற்குக் காரணம், கேவிஎம்மின் மெய்நிகர் வட்டைப் படிக்கும் விர்ட்-ஐஓ டிரைவர் இல்லாதது. பூட் வட்டை முதலில் சாட்டாவாக மாட்டி எழுப்பி, 1 ஜிபி அளவில் வெற்று வட்டு ஒன்றை விர்ட்-ஐஓ ஸ்கஸியாகச் சேர்த்து, டிரைவரை நிறுவி அணையுங்கள். பிறகு பூட் வட்டை ஸ்கஸிக்கு மாற்றி, பூட் வரிசையிலும் அதை டிக் செய்தால் எழும். பழைய ஐபியைக் கொடுக்கும்போது ‘வேறு அடாப்டரில் இருக்கிறது’ என்று சொன்னால், டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் பழைய நெட்வொர்க் கார்டைக் காட்டவைத்து நீக்குங்கள். லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிவிடும். இ.என்.எஸ்.192 என்பது பெரும்பாலும் இ.என்.எஸ்.18 ஆகும்; நெட்பிளான் கோப்பில் திருத்தாவிட்டால் சர்வர் எழுந்தும் நெட்வொர்க்கில் தெரியாது.

இன்னொரு ஹைப்பர்வைசரான எக்ஸ்சிபி-என்ஜியும் நல்ல பொருள்தான். அதன் விஎச்டி வட்டுக் கோப்பு வடிவத்தில் ஒரு வட்டுக்கு 2 டிபி உச்சவரம்பு என்பது ஃபைல் சர்வர் வைத்திருப்பவர்களை யோசிக்கவைக்கும். உதவி கேட்க ஆள் கிடைப்பதும் ப்ராக்ஸ்மாக்ஸில்தான் எளிது.

பேக்கப்

வீம் என்கிற பேக்கப் மென்பொருள் 2024 ஆகஸ்டில் வந்த 12.2-லிருந்து ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம்களையும் பேக்கப் எடுக்கும், ஆகவே இருக்கிற வீமை விடவேண்டியதில்லை. ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்த பேக்கப் சர்வரில் ஒரு விஷயம் மின்தடையோடு சேர்ந்தது. எந்தப் பகுதி மாறியது என்கிற கணக்கு விஎம் அணைந்தால் அழிந்துவிடும். அனுப்புவது மாறியதை மட்டும்தான் என்றாலும், மறுநாள் வட்டு முழுவதையும் படித்துத்தான் கண்டுபிடிக்கும். 2 டிபி வட்டு, நொடிக்கு 150 எம்பி என்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். விஎம்வேரிலும் ஹைப்பர்-வியிலும் முறையாக அணைத்தால் அந்தக் கணக்கு தங்கும். மின்தடை அன்று இரவு பேக்கப்பை முன்கூட்டியே தொடங்கவையுங்கள்.

நகல் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை மறக்கமுடியாது. தரைத்தளத்தில் ரேக் வைத்தவர்களுக்கு அது எச்சரிக்கை. விருதுநகர் கிளைக்கு 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 800 ஜிபி அனுப்ப 35 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நகலை வட்டில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்விடுங்கள், அன்றாட மாற்றம் மட்டும் வயரில் போகட்டும்.

விண்டோஸ் மட்டுமே ஓடி, டோக்கன் இல்லாத, லைசென்ஸ் ஏற்கெனவே வாங்கிய இடத்துக்கு ஹைப்பர்-வி. மருத்துவமனை மென்பொருள் மாதிரி, விற்றவர் விஎம்வேரில் மட்டுமே ஆதரவு தருவேன் என்று எழுத்தில் கொடுத்திருந்தால் சந்தாவைக் கட்டி விஸ்பியர் 8. மற்ற எல்லோருக்கும், லினக்ஸ் கட்டளை பத்து கற்கத் தயார் என்றால், ப்ராக்ஸ்மாக்ஸ்.

எதைத் தேர்ந்தாலும், அடுத்த மின்தடை அறிவிப்பு வந்ததும் அன்றைக்கு வேறு வேலை வைக்காதீர்கள். காலையில் கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸை அதன் போக்கில் விட்டு, எந்த விஎம் எத்தனை நிமிடத்தில் அணைந்தது என்று குறியுங்கள். மாலை கரண்ட் வந்ததும் கீபோர்டைத் தொடாமல் இருபது நிமிடம் நில்லுங்கள். எது எழவில்லையோ அதன் பெயரையும் காரணத்தையும் எழுதி, ஹோஸ்ட் ஐபிக்களோடு அந்தத் தாளை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.