ஆஸ்பத்திரிக்கு அப்புறம் வர்ற போன் கால், மூணரை ஸ்டார்

தற்கொலைக்கு முயற்சி பண்ணின தம்பிய ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்தப்போ ஒரு கவுன்சிலிங் சர்வீஸ்ல பேர் எழுதிக்கிட்டாங்க, ஒன்றரை வருஷத்துக்கு அப்பப்போ போன் பண்ணி விசாரிப்பாங்களாம். எந்த சர்வீஸ்னு நான் இங்க சொல்லல, தம்பி வேணாங்கிறான். போன்ல விசாரிச்சா என்ன ஆயிடப்போகுதுன்னுதான் எனக்கு அப்போ.

முத கால்லயே அந்த மேடம் சுத்தி வளைக்காம "சாகணும்னு இப்பவும் தோணுதாப்பா?"ன்னு கேட்டுட்டாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம் (எங்க தப்புதான்), அம்மாவுக்கு கை நடுங்கிருச்சு, "என்னடி இவங்களே எடுத்துக்குடுக்குறாங்க"ன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவன் என்னடான்னா போனை வாங்கிட்டு மாடிக்குப் போய் இருபது நிமிஷம் பேசினான், எங்ககிட்ட மூணு வாரமா ஒரு வார்த்தை பேசாதவன். நேரா கேக்குறதால அந்த நெனப்பு புதுசா வந்துடாதுன்னு ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்களாம், பின்னாடிதான் படிச்சேன்.

அப்படியே தேடினதுல இந்த விசாரிப்பு முறைக்கே பெரிய ஆய்வு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் அஞ்சு நாட்டுல, தற்கொலைக்கு முயற்சி பண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்த 1867 பேர வச்சு பண்ணினது, 2008ல வெளிவந்துச்சு, நம்ம சென்னையும் கொழும்பும் அதுல உண்டு. ஒரு மணி நேரம் உக்கார வச்சு பேசுறாங்க, அப்புறம் 18 மாசத்துல 9 தடவை போன்லயோ நேர்லயோ விசாரிக்கிறாங்க, அவ்ளோதான். அந்த குரூப்ல தற்கொலையால இறந்தவங்க 2 பேர், வழக்கமான ட்ரீட்மென்ட் மட்டும் கிடைச்ச குரூப்ல 18 பேர், ரெண்டு குரூப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

ஸ்டார் குறைச்சது ஏன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர், போன்ல ஸ்பாம்னு சிவப்பா காட்டும், ரெண்டு கால் அப்படியே போச்சு. அடுத்ததுல புது ஆள், பழசு எதையும் பாக்காம முதல்ல இருந்து கதை கேட்டாங்க, "போங்கக்கா, எத்தனை தடவ சொல்றது"ன்னு வச்சுட்டான்.

ஆனா ஒரு தாள் எழுத வச்சாங்க பாருங்க, அதுக்கே முழு மார்க். மனசு கெடுதுன்னு எப்படித் தெரியும், அப்போ என்ன செய்யணும், யாரைக் கூப்பிடணும்னு அவன் கையாலயே எழுதினது. "ரெண்டு நாள் குளிக்கலன்னா"ன்னு ஆரம்பிக்குது. கூப்பிடற ஆள்ல முதல் பேரு டீக்கடை ஃப்ரெண்டு, நான் மூணாவது, கொஞ்சம் வலிச்சுது. போன் கவருக்குள்ள மடிச்சு வச்சிருக்கான்.

ஆனா அடுத்த கால் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு இருந்தா காத்திருக்காதீங்க, 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.