வெட்டிய புல்லே மூடாக்கு: 6 வருஷ அனுபவம்

என் வீட்டு முன்னால் சின்னதாக ஒரு புல்தரை இருக்கிறது. பத்து நாளைக்கு ஒரு தடவை வெட்டினால் இரண்டு கூடை புல் சேரும். முன்பெல்லாம் அதைக் குப்பையோடு குப்பையாக அனுப்பிவிடுவேன். கடந்த 6 வருஷமாக ஒரு கூடைகூட வாசலைத் தாண்டவில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, ஓரத்தில் நிற்கும் எலுமிச்சை என்று எல்லாச் செடிகளின் காலடியிலும் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, கிடப்பது அந்தப் புல்தான். இடையில் வைக்கோல், மரத்தூள், காய்ந்த இலை எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஆனாலும் வெட்டிய புல்லுக்கே திரும்பி வந்தேன். ஏன் என்பதையும், வழியில் பட்ட பாட்டையும் சொல்கிறேன்.

முதல் வருஷம் செய்தது பெரிய தப்பு. ரூத் ஸ்டவுட் (1884–1980) என்ற அமெரிக்கத் தோட்டக்காரரைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். மண்ணைக் கொத்தாமல், 8 அங்குல உயரத்துக்கு உலர்ந்த புல்லைப் பரப்பி வைத்தே வருஷக்கணக்கில் காய்கறி விளைவித்தவர். அந்த 8 அங்குலம் என் மனதில் நின்றது. அவர் போட்டது உலர்ந்த புல் என்பது நிற்கவில்லை. காலையில் வெட்டிய பச்சைப் புல்லை, பனி ஈரம்கூடக் காயாமல், கத்தரிப் பாத்தியில் ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டினேன். அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் உள்ளே கையை விட்டேன். சுட்டது. வெதுவெதுப்பெல்லாம் இல்லை, கையை வெடுக்கென்று எடுக்க வேண்டிய சூடு. நாலாம் நாள் புளித்த நாற்றம் வந்தது, கூடவே மூக்கில் ஏறும் அமோனியா நெடி. ஒரு வாரத்தில் மேல் பகுதி அட்டை மாதிரி இறுகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் பாத்தியின் ஓரத்தில் வழிந்து ஓடியது. அந்த அட்டையைப் பெயர்த்துப் பார்த்தால் நடுவில் கரும்பச்சையாகக் கொழகொழவென்று ஓர் அடுக்கு. அதற்கும் கீழே மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. தண்டை ஒட்டிப் புல் கிடந்த இரண்டு செடிகளின் அடித்தண்டு மெத்தென்று ஆகி, செடிகள் அப்படியே சாய்ந்தன.

பச்சைப் புல்லின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். இலையும் மெல்லிசு. ஈரத்தோடு குவித்தால் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், இடையில் காற்று நுழைய வழியே இருக்காது. நைட்ரஜனும் அதில் அதிகம். வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 80 பங்கு கரிமம் இருக்கும். வெட்டிய புல்லில் அது 20க்குப் பக்கத்தில்தான். நுண்ணுயிர்களுக்கு இதைவிடச் சுலபமான தீனி கிடையாது. அவை மளமளவென்று பெருகும்போது சூடு கிளம்புகிறது, உள்ளே இருக்கும் காற்று தீர்ந்துபோகிறது, அப்புறம் காற்றில்லாமல் வாழும் வகைகள் பெருகுகின்றன. அந்த நாற்றம் அவை கிளப்புவது.

அதிலிருந்து காய வைக்காமல் பாத்திக்குக் கொண்டுபோவதில்லை. இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் புல் மூடாக்கில் பாதிப் பிரச்சினை வரவே வராது. வெயில் ஏறி, பனி ஈரம் போன பிறகே வெட்டுகிறேன். வெட்டியதைப் பழைய தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, சாயங்காலம் ஒரு முறை வாரியால் புரட்டிவிடுகிறேன். புரட்டாமல் விட்டால் மேலே காய்ந்து, அடியில் பச்சையாகவே இருக்கும். நல்ல வெயில் என்றால் இரண்டு நாள், மந்தாரம் என்றால் நாலு நாள் ஆகும். பிறகு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பார்ப்பேன். உருண்டையாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. சரசரவென்று பிரிந்து உதிர்ந்தால் தயார். வாசனையிலும் தெரிந்துவிடும், பச்சை வாடை போய் இலேசாக இனிப்பான உலர்புல் மணம் வரும். இரண்டு கூடை புல் காய்ந்தால் ஒரு கூடை தேறாது. பாத்தி முழுக்க வராதே என்று தோன்றும். வரும் அளவுக்குப் போட்டால் போதும்.

போடுவதற்கு முன் மண்ணை நன்றாக நனைத்துக்கொள்வேன். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால் அடுத்து வரும் லேசான தண்ணீரைப் புல்லே குடித்துவிடும். கனம் மூன்று விரலுக்கு மேல் போவதில்லை. தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்திவிடுவேன். மழைநாளில் காய வைக்க முடியாமல் பச்சையாகவே போட்டாக வேண்டும் என்றால், மண் அங்கங்கே கண்ணில் படுகிற மாதிரி அரை அங்குலத்துக்குத் தூவினால் கெடுதல் இல்லை. அது வாடிச் சுருங்கிய பிறகுதான் அடுத்த அடுக்கு.

பலன் முதலில் தெரிந்தது தண்ணீரில். கோடையில் தினமும் ஊற்றிக்கொண்டிருந்த மிளகாய்ப் பாத்திக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை போதும் என்றானது. நடு மத்தியானத்தில் வெறும் மண்ணைத் தொட்டால் கை சுடும். புல்லை விலக்கி அதே பாத்தியில் விரலை விட்டால் மண் குளுமையாக, ஈரமாக இருக்கும். தோட்டத்துக்கு யார் வந்தாலும் நான் செய்யச் சொல்வது இதைத்தான். நான் விளக்குவதைவிட அவர்கள் விரலுக்கு நன்றாகப் புரிகிறது.

தக்காளியில் கிடைத்த பலன் நான் எதிர்பாராதது. முன்பெல்லாம் காய்களின் அடி கறுத்துத் தோல் மாதிரி அமுங்கிப் போகும். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும், ஆனால் தண்ணீரோடுதான் அது செடிக்குள் ஏற முடியும். ஒரு நாள் சொதசொதப்பு, மூன்று நாள் காய்ச்சல் என்று மண் மாறி மாறி இருந்தால் அந்த ஓட்டம் தடைப்படுகிறது. மூடாக்கு போட்டு ஈரம் ஒரே சீராக நின்ற பிறகு, அடி கறுத்த காய் ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்றுதான். மழை அடிக்கும்போது மண் தெறித்துக் கீழ் இலைகளில் ஒட்டுவதும் நின்றது. அந்த மண்ணோடுதான் இலைப்புள்ளி நோயின் பூஞ்சை வித்துகள் ஏறுகின்றன. கீழ் இலைகள் இப்போது நெடுநாள் பச்சையாக நிற்கின்றன.

மண்புழுக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஈரமான ஒரு விடியற்காலையில் அவரைப் பாத்தியில் குனிந்து பார்த்தேன். சின்னச் சின்ன ஓட்டைகளில் புல் இலைகள் விளக்குத் திரி மாதிரி செங்குத்தாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வரவில்லை. புழு இராத்திரி மேலே வந்து, இலையின் நுனியைக் கவ்வி வளைக்குள் இழுத்து வைத்திருக்கிறது. நான் கொத்தி உரம் கலக்க வேண்டிய வேலையை அது செய்துகொண்டிருந்தது. மண்வெட்டி போட்டால் கணீரென்ற என் மண், மூன்றாம் வருஷம் கையாலேயே நாற்று நடும் அளவுக்குப் பொலபொலத்துவிட்டது.

புல் சீக்கிரம் மறைந்துவிடும் என்பதுதான் பலரும் சொல்லும் குறை. உண்மைதான். மூன்று விரல் கனத்துக்குப் போட்டது மூன்று வாரத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். எனக்கும் முதலில் அது அலுப்பாக இருந்தது. மரத்தூள் அப்படி இல்லை, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆனால் மரத்தூள் போட்ட பாத்தியையும் புல் போட்ட பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பருவம் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. மறைந்த புல் எல்லாம் மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. புல் போட்ட பாத்தியின் வெண்டை மேலுரம் கேட்கவே இல்லை. புல்லுக்கு வேலையே மறைவதுதான் என்று புரிந்தபின், பத்து நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட ஆரம்பித்தேன். வெட்டும் நாளும் அதேதான் என்பதால் கணக்கு தானாகச் சரியாக வந்தது. காய்ந்த இலை கிடைக்கும் நாட்களில் இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து போடுகிறேன். இலை புல்லை அட்டையாக விடாது, புல் இலையைப் பறக்க விடாது. நான் போட்டதிலேயே சிறந்த மூடாக்கு அந்தக் கலவைதான்.

களையை அடக்குமா என்றால், விதையிலிருந்து முளைப்பவற்றை நன்றாக அடக்கும். கோரையை அடக்காது. அதன் முளை ஊசி மாதிரி மூடாக்கைக் குத்திக்கொண்டு மேலே வரும். கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். புல்தரையில் கதிர் வந்த பிறகு வெட்டினால் அந்த விதையை நாமே பாத்தியில் விதைத்தது போல ஆகும், அதனால் கதிர் தலைகாட்டும் முன் வெட்டிவிடுங்கள். அருகம்புல் தரை என்றால் இன்னும் கவனம் தேவை. துண்டான கொடியில் ஒரு கணு உயிரோடு இருந்தாலும் வேர் பிடித்துவிடும். இரண்டாம் வருஷம் அப்படி வந்த அருகை எலுமிச்சை அடியிலிருந்து பிடுங்கி முடிக்க ஒரு மாதம் ஆனது. நொறுங்கும் வரை காய வைப்பது அதற்கும் மருந்து.

நான்காம் வருஷம் நடந்ததை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டுப் புல்லை நாலு கூடை கொண்டுவந்து கொடுத்தார். நல்ல பச்சை, ஒரு களை இல்லை. சந்தோஷமாகக் காய வைத்துத் தக்காளிக்கும் அவரைக்கும் போட்டேன். மூன்றாம் வாரம் தக்காளியின் நுனி இலைகள் கிண்ணம் போல மேல்நோக்கிக் குவிந்தன. புது இலைகள் அகலமே இல்லாமல் இழை இழையாக, பெரணி இலை மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தன. அவரைக் கொழுந்தும் அப்படியே சுருண்டு நின்றுவிட்டது. வைரஸ் என்று நினைத்தேன். ஆனால் என் புல்லைப் போட்ட பக்கத்துப் பாத்தியில் ஒன்றுமில்லை. பிறகு கேட்டபோதுதான், அகல இலைக் களைகளுக்காக அந்தப் புல்தரையில் களைக்கொல்லி அடித்திருந்தது தெரிந்தது. குளோபைராலிட், அமினோபைராலிட், பிக்லோராம் போன்ற களைக்கொல்லிகள் புல்லை ஒன்றும் செய்யாது, அதனால் பார்த்தால் தெரியவே தெரியாது. காய வைத்தாலும் மட்க வைத்தாலும் அவை எளிதில் போவதில்லை. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில்கூட வந்து சேரும். தக்காளி, அவரை, பட்டாணி வகைகள் மிகச் சிறிய அளவையும் தாங்காது.

அந்தப் பருவம் இரண்டு பாத்தியும் போனது. இப்போது வெளியிலிருந்து புல்லோ தொழுவுரமோ வந்தால், ஒரு தொட்டியில் என் மண்ணையும் இன்னொன்றில் அந்தப் பொருள் கலந்த மண்ணையும் நிரப்பி, இரண்டிலும் நாலைந்து அவரை விதை போடுகிறேன். மூன்று வாரத்தில் இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால்தான் பாத்திக்கு. யார் கொடுத்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

மற்ற தொல்லைகள் சமாளிக்கக் கூடியவை. மழைக்காலத்தில் நத்தை மூடாக்குக்கு அடியில் தங்கும். அப்போது புல்லை மெல்லிசாகப் பரப்பி, இராத்திரி விளக்கோடு போய்ப் பொறுக்கிவிடுவேன். கரையான் நடமாட்டம் இருக்கும் இடத்தில் புல்லை அவ்வப்போது கிளறிவிட்டால் குறைகிறது. விதை போட்ட பாத்திக்கு முளை ஒரு சாண் வளரும் வரை எதுவும் போடுவதில்லை. நாய் போய் வரும் புல்தரையின் புல்லைக் காய்கறிக்கு எடுக்க வேண்டாம்.

புல்தரையையும் மறந்துவிடக் கூடாது. எல்லாப் புல்லையும் வாரி எடுத்ததில் இரண்டு வருஷத்தில் அது வெளிறி, அங்கங்கே மண் தெரிய ஆரம்பித்தது. வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அதற்கு வேண்டிய நைட்ரஜனில் கிட்டத்தட்ட கால் பங்கு அதிலிருந்தே திரும்பக் கிடைக்கும். அதனால் இப்போது ஒரு முறை வெட்டுவது பாத்திக்கு, அடுத்த முறை வெட்டுவது தரைக்கே. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதும் இல்லை. போன மழைக்குப் பிறகு வெளிறிய இடமெல்லாம் மூடிக்கொண்டு வந்துவிட்டது.