மருந்து ஏற்றாமல் எடுத்த எம்.ஆர்.ஐ.

கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கவேண்டிய ஸ்கானை வெறுமனே எடுத்து, ‘மூளையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்று அறிக்கையும் எழுதித் தந்துவிட்டார்கள். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்திருந்த நிலையில், விடியற்புறத்தில் தலையிடியும் சத்தியும் தொடங்கியதால் கிளினிக் வைத்தியர் எழுதிக் கொடுத்த ஸ்கான் அது. துண்டில் நோயின் பெயரும், மருந்து ஏற்றவேண்டும் என்பதும் தெளிவாகவே இருந்தன. தனியார் நிலையத்தின் கவுண்டரில் பணம் வாங்கியவர் அதை வாசிக்கவே இல்லை. லண்டனில் என் மாமியாருக்கு இதே ஸ்கான் எடுத்தபோது முன்கூட்டியே அழைத்து, சிறுநீரகப் பரிசோதனை முதல் ஒவ்வாமை வரை விசாரித்தார்கள். முந்தி நம் பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலிலேயே ஊர்க்காரர் ஒருவர் துண்டை வாங்கிப் பார்த்து, எங்கே போகவேண்டும் என்று சொல்லி அனுப்புவார். அந்த அக்கறை எங்கே போயிற்று?

வைத்தியர் அறிக்கையைப் பார்த்ததுமே, “இது காணாது அம்மா, மருந்து ஏத்தித்தான் எடுக்கவேணும்” என்றார். மூளையின் இரத்தக் குழாய்களுக்கு இயல்பாகவே ஒரு தடுப்பு உண்டு; கடோலினியம் என்ற அந்தக் கொன்ட்ராஸ்ட் மருந்து அதைத் தாண்டாது. வேறிடத்திலிருந்து வந்து ஊன்றிய புற்றுக்கட்டியில் அந்தத் தடுப்பு சிதைந்திருப்பதால், மருந்து அங்கே கசிந்து டி1 என்னும் வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரியும். பெரிய கட்டியென்றால் சுற்றியுள்ள வீக்கமே காட்டிக்கொடுக்கும். வீக்கமில்லாத சில மில்லிமீற்றர் கட்டி, மருந்தில்லாத படத்தில் எளிதில் தப்பிவிடும்.

மருந்து ஏற்றி எடுக்க இன்னொரு நிலையத்துக்குப் போனோம். அங்கே ஸ்கான் எடுத்த இளைஞர் முதலில் கேட்டதே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவைத்தான். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் கீழே இருந்தால் இந்த மருந்தை மிகவும் யோசித்தே கொடுப்பார்கள். சின்னம்மாவுக்கோ நீரிழிவும் உண்டு. பிறகு நிறையைப் பார்த்து, கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்று கணக்கிட்டார். தாலிக்கொடியையும் சட்டையில் குத்தியிருந்த ஊசியையும் கழற்றச் சொல்லி, கையில் கனுலா போட்டு, மருந்து ஏற்றிச் சில நிமிடங்கள் பொறுத்தே மெல்லிய துண்டுகளாகப் படம் எடுத்தார். அத்தனை பக்குவத்தை லண்டனில்கூட நான் காணவில்லை.

சிறுமூளையில் மிளகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. மேலே, சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சேரும் எல்லையில் அதைவிடச் சிறிதாக இன்னொன்று. வைத்தியர் பழைய படத்தில் அதே இடங்களைத் தேடிக் காட்டினார். அங்கே எதுவும் தெரியவில்லை. புள்ளிகள் எத்தனை, எங்கே, என்ன அளவு என்பதைப் பார்த்தே தலை முழுவதற்கும் கதிர் கொடுப்பதா, அந்த இடங்களுக்கு மட்டுமா என்று முடிவெடுப்பார்களாம். முதல் அறிக்கையை நம்பியிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அடுத்த ஸ்கானையும் இதே முறையில் எடுத்து ஒப்பிடவேண்டும் என்பதால், படங்கள் உள்ள சீடியைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியோடு வைத்திருக்கிறோம். முதல் நிலையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “ஸ்கான் எடுத்தாச்சுதானே” என்றார்கள். துண்டை நீட்டிக் காட்டிய பிறகும் அதே பதில்தான்.